ரோமைச் சுற்றியிருந்த லத்தீன் ஊர்களெல்லாம் எங்கே போயின?

கேள்வி, 2023 செப்டம்பர் 9

ரோமுக்குப் பக்கத்தில் லத்தீன் மக்களின் ஊர்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தனவாம். இன்று வரைபடத்தில் தேடினால் பாதிக்கு மேல் காணோம். என் கணிப்பு: ஜெயித்த ஊரையெல்லாம் ரோமானியர் கொளுத்தித் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பின்னாளில் கார்த்தேஜுக்குச் செய்ததை முதலில் பங்காளிகளிடம் செய்து பழகியிருக்கிறார்கள். யாராவது மறுப்பீர்களா?

செப்டம்பர் 10

மறுக்கிறேன். கொளுத்தப்பட்ட ஊர்கள் உண்டு, விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவை வேறு விதமாகப் போயின.

ஐம்பது என்ற கணக்கு கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியிடமிருந்து வருவது. நம் முசிறியையும் பாண்டியனையும் பற்றி எழுதி, இந்திய வணிகத்தில் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போகிறதே என்று புலம்பினாரே, அதே ஆள். லத்தீன் மக்களின் நாடான லத்தியம் பகுதியைப் பற்றி எழுதும்போது, ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்த ஊர்கள் என்று பட்டியல் போட்டு, பழைய லத்தியத்தின் 53 சமூகங்கள் சுவடில்லாமல் போய்விட்டன என்று முடிக்கிறார். யார் அழித்தார்கள் என்று சொல்லவில்லை.

எல்லாமும் போய்விடவில்லை. டிவோலி, பலெஸ்ட்ரீனா, அரிச்சா, லனூவியோ எல்லாம் பழைய லத்தீன் ஊர்கள்தான். இன்றும் அதே இடத்தில் துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். டிவோலி ரோமிலிருந்து சுமார் 30 கி.மீ., பலெஸ்ட்ரீனா அதற்கும் அப்பால். எல்லாமே மேட்டு நிலம். காணாமல் போனவற்றில் பல, விடியலில் கிளம்பினால் உச்சிவேளைக்குள் ரோமுக்கு நடந்தே போய்விடலாம் என்ற தூரத்தில் இருந்தவை. என் கட்சி இதுதான்: ரோமின் படையைவிட ரோமின் அருகாமைதான் அதிக ஊர்களைத் தின்றது.

செப்டம்பர் 10, இரவு

ஆல்பா லோங்காவை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர். வேண்டுமென்றேதான் விட்டேன். துல்லுஸ் ஹோஸ்டிலியுஸ் என்ற அரசர் அதை இடித்து, மக்களை ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்பது ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் கதை. அந்தச் சம்பவத்துக்கும் லிவிக்கும் நடுவே ஆறு நூற்றாண்டுக்கு மேல். ஆல்பா ஏரிக்கரையில் கிடைத்திருப்பவை சிறுசிறு குடியிருப்புகளும் கல்லறைகளும். இடிக்கப்பட்ட ஒரு மாநகரம் கிடைக்கவில்லை. சாட்சியே இல்லாத வழக்கை நான் ஏன் எடுக்க வேண்டும்?

செப்டம்பர் 14

கபீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் குடியிருப்பது அந்தப் பக்கம். ரோமின் கிழக்கே போகும் ப்ரெனெஸ்தீனா சாலையில் 18ஆவது கிலோமீட்டர் வாக்கில் வரும். பேருந்தை விட்டு இறங்கி, லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும் சாலை ஓரத்தில் நடக்க வேண்டும். அதுவே ஒரு வீர விளையாட்டு.

போய்ச் சேர்ந்ததும் கூட வந்த நண்பன் கேட்டான்: "ஊர் எங்கேடா?" அவன் நின்றுகொண்டிருந்தது ஊரின் நடுவில். கண்ணுக்குத் தெரிவது புல், முள், தூரத்தில் ஒரு இடைக்காலக் கோபுரம், சாம்பல் நிறக் கல்லில் ஜூனோ கோயிலின் கருவறைச் சுவர். ஒரு பழைய எரிமலை வாயின் விளிம்பில் அமைந்த ஊர் அது. அந்தப் பள்ளத்தில் ஏரி இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் தண்ணீரை வடித்துவிட்டார்கள், இப்போது விவசாயம் நடக்கிறது. ஏரி இல்லாமல் பார்க்கும்போது, இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே புரியாது.

இந்த ஊரை ரோம் கொளுத்தவில்லை. ரோமின் கடைசி அரசன் தார்க்குவினியுஸின் மகன் செக்ஸ்டுஸ், அப்பாவிடம் அடிவாங்கி ஓடிவந்தவன் போல நடித்து உள்ளே புகுந்து ஊரைக் கவிழ்த்தான் என்பது கதை. ஆனால் அதன் பின் நடந்தது ஒப்பந்தம். அதை மாட்டுத்தோல் போர்த்திய ஒரு மரக் கேடயத்தில் எழுதி ரோமில் ஒரு கோயிலில் வைத்திருந்தார்கள், முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலும் அதைப் பார்க்க முடிந்தது.

பிறகு என்னதான் ஆயிற்று? கல். கபீயின் கல் நெருப்பைத் தாங்கும். ரோமின் ஆவணக் காப்பகமான தபுலாரியம் இந்தக் கல்லில் எழுந்தது. கி.பி. 64இல் ரோம் எரிந்த பிறகு, புதுக் கட்டடங்களின் ஒரு பகுதியைக் கபீ கல்லாலோ ஆல்பா கல்லாலோ கட்ட வேண்டும் என்று நீரோ உத்தரவு போட்டதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்து வைத்திருக்கிறார். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2007 முதல் இங்கே வேலை செய்கிறது. ஒழுங்காகத் தெரு பிரித்துக் கட்டிய ஊர் இது என்பதையும், பேரரசுக் காலத்தில் ஊர் எல்லைக்குள்ளேயே கல் வெட்டியதையும், ஆளில்லாத மனைகளில் பிணம் புதைத்ததையும் வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீடு இருந்த இடத்தைத் தோண்டிக் கல்லெடுத்து ரோமுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அந்தக் காசு யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனைக்காரனுக்கே கல் லாபம் என்றால் ஊர் எப்படி நிற்கும்?

மிச்சமிருந்த சிலைகளை 1792இல் போர்கேசே இளவரசருக்காக கேவின் ஹாமில்டன் தோண்டி எடுத்தார். அவை நெப்போலியனுக்கு விற்கப்பட்டு லூவர் அருங்காட்சியகம் போயின. கபீயின் டயானாவைப் பார்க்க நீங்கள் பாரிசுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 15

"ஹோரஸே கபீயை ஆளில்லாத ஊர் என்றாரே, சும்மா தேய்ந்தது என்கிறீர்களே" என்று மேலே ஒரு பதில். ஆமாம், கவிஞர் ஹோரஸ் ஒரு கடிதத்தில் கபீயையும் ஃபிடேனேயையும் வெறிச்சோடிப் போனதற்கு உதாரணமாகச் சொல்கிறார். அதே ஹோரஸ் அதே தொகுப்பில் இன்னொரு கடிதத்தில், வயிற்றுக் கோளாறுக்குக் குளிர்நீர் வைத்தியம் செய்துகொள்பவர்கள் கபீக்குப் போகிறார்கள் என்கிறார்! ஆளில்லாத ஊரில் குளியலுக்கு யார் தண்ணீர் காட்டினார்கள்? நூறு ஆண்டுக்கு மேல் கழித்து பேரரசர் ஹாட்ரியன் அங்கே மன்றம் கட்டிக்கொடுத்தார், நீர்க்கால்வாய் போட்டுக்கொடுத்தார். பிற்காலத்தில் பிஷப் இருந்த ஊர் அது.

கவிஞர்கள் பேச்சை நான் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்வேன். என்னை உலுக்கியது சிசரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. ஆல்பா மலை உச்சியில் ஆண்டுதோறும் லத்தீன் திருவிழா நடக்கும். வெள்ளைக் காளையைப் பலியிட்டு, ஒவ்வொரு ஊருக்கும் அதன் பங்கு இறைச்சியைக் கொடுப்பார்கள். நம் பக்கத்துக் கோயில் கொடையில் ஊர்ப் பங்கு, வகையறாப் பங்கு என்று பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பங்கு வாங்குகிறவன்தான் ஊர்க்காரன். கி.மு. 54இல் ஒரு வழக்கில் வாதாடும்போது சிசரோ சொல்கிறார்: லபிகி, பொவில்லே, கபீ ஊர்களிலிருந்து இறைச்சி வாங்கிப்போகக்கூட ஆள் கிடைப்பதில்லை.

பங்கு இருக்கிறது, பெயரைக் கூப்பிடுகிறார்கள், எழுந்து வர ஆளில்லை. பிளினியின் பட்டியலிலும் பெரும்பகுதி "ஆல்பா மலையில் இறைச்சி பெற்ற சமூகங்கள்" என்ற தலைப்பில்தான் வருகிறது. ஒரு ஊர் செத்ததா இல்லையா என்று லத்தீன்காரனுக்கு இடிபாடு காட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்றில்லை.

செப்டம்பர் 16

ஃபிடேனே பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. சலாரியா சாலையில் ரோமிலிருந்து சுமார் 8 கி.மீ. கி.பி. 27இல் அத்திலியுஸ் என்ற விடுதலை பெற்ற அடிமை, சம்பாதிக்கும் ஆசையில் அங்கே மரத்தில் கேளிக்கை அரங்கம் எழுப்பினார். அஸ்திவாரம் சரியில்லை, கூட்டத்தோடு சரிந்தது. டாசிட்டஸ் கணக்கில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 50,000 பேர். சுயடோனியஸ் 20,000க்கு மேல் சாவு என்கிறார். பிறகு செனட் சட்டம் போட்டது: 4 லட்சம் செஸ்டர்ஸுக்குக் குறைந்த சொத்துள்ளவர் கிளாடியேட்டர் சண்டைக் காட்சி நடத்தக்கூடாது, உறுதி சோதிக்கப்படாத நிலத்தில் அரங்கம் கட்டக்கூடாது. அத்திலியுஸ் நாடு கடத்தப்பட்டார்.

"அப்படியானால் ஊரில் 50,000 பேர் இருந்தார்களா" என்று கேட்காதீர்கள். பேரரசர் திபேரியஸ் ரோமில் கேளிக்கைகளைக் குறைத்துவிட்டதால் ரோமானியர்தான் திரண்டு வந்தார்கள். சொந்த ஆட்கள் குறைந்து, தலைநகரத்தாரின் பொழுதுபோக்கு மைதானமாகிவிட்ட ஊர். இன்று அங்கே ரோமின் அடுக்குமாடி வீடுகள்.

செப்டம்பர் 23

சாட்ரிகம். இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் நான் அங்கே போனது தொல்லியலுக்காக இல்லை. புனித மரிய கொரெற்றி மேல் என் அம்மாவுக்குப் பக்தி அதிகம். ஊரிலிருந்து வந்தபோது நெட்டூனோவில் புனிதையின் கல்லறையைப் பார்த்துவிட்டு, புனிதை கொலையுண்ட வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார். அந்த வீடு லெ ஃபெரியெரெ என்ற சிற்றூரில். ரோமுக்குத் தெற்கே 60 கி.மீ. அம்மா உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, நான் வெளியே சுற்றியபோது, பக்கத்து மேட்டில் கூரைக்கு அடியில் கோயில் அடித்தளங்கள். மேட்டர் மடூட்டா என்ற விடியல் தெய்வத்தின் கோயில். அதுதான் சாட்ரிகம், பிளினி பட்டியலின் முதல் பெயர்.

கேள்வி கேட்டவருக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. கி.மு. 377இல் இந்த ஊரைக் கொளுத்தியவர்கள் ரோமானியர் அல்ல, லத்தீன்காரர்கள். எல்லாம் எரிந்தது, கோயில் தவிர. தீயை விலக்குங்கள் என்று கோயிலுக்குள்ளிருந்து பயங்கரமான குரல் கேட்டதாம், லிவி எழுதுகிறார். பிறகு கி.மு. 346இல் ரோமானியத் தளபதி வலேரியுஸ் கோர்வுஸ் வந்து மறுபடி கொளுத்தினார், மறுபடி கோயிலை விட்டுவிட்டார். 1896இல் தோண்டியபோது அகப்பட்டது அந்தக் கோயில்தான். 1977 முதல் டச்சுக்காரர்கள் தோண்டுகிறார்கள். அந்த ஆண்டே கோயில் அடித்தளத்தில் மறுபடி பயன்படுத்தப்பட்ட ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 500 வாக்கில், பொப்லியோஸ் வலேசியோஸ் என்பவரின் தோழர்கள் மார்ஸ் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கை. ரோமின் முதல் கன்சல்களில் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்களில்) ஒருவரான பூப்ளியுஸ் வலேரியுஸாக இருக்கலாம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

லத்தீன் ஊர் முடிந்த பிறகு வோல்சி என்ற மலைமக்கள் வந்தார்கள், அவர்களின் கல்லறைகள் பழைய ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஆக "கைவிடப்பட்டது" என்று ஒரு தேதியை ஒட்டிவைக்க முடியாத இடம் இது.

இப்போது காய்ச்சல். மரியாவின் அப்பா லுய்ஜி கொரெற்றி பிழைப்பு தேடிக் குடும்பத்தோடு இங்கே வந்த ஏழைக் குத்தகைக்காரர். 1900இல் மலேரியாவில் செத்தார். அதே ஆண்டுக் கோடையில் ஓஸ்தியாவுக்கு அருகில் சாம்போன், லோ என்ற இரு மருத்துவர்கள் கொசு நுழையாத குடிசை ஒன்றில் தங்கி, கொசு கடிக்காவிட்டால் காய்ச்சல் வராது என்று காட்டினார்கள். லுய்ஜிக்கு அது சில மாதம் பிந்திவிட்டது. அப்பா செத்து இரண்டு ஆண்டில் மரியா கொலையானாள், வயது 11.

ரோமானியர் கொளுத்தியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எத்தனையோ ஊர்கள் கொளுத்தப்பட்ட பின் மறுபடி எழுந்திருக்கின்றன. ரோமே கி.மு. 390 வாக்கில் கௌல் (Gaul) இனத்தாரிடம் எரிந்து எழுந்ததுதான். சாட்ரிகம் போல, பொன்டைன் சதுப்பு ஓரத்தில் விழுந்த ஊர் எழவில்லை. 1930களில் சதுப்பை வடித்த பிறகுதான் அங்கே புது நகரங்கள் வந்தன. லித்தோரியா (இன்றைய லத்தீனா) 1932, சபௌதியா 1934. ஊரைக் கொன்ற பழியைக் காய்ச்சல் மேல் போட மாட்டேன். திரும்பி வரவிடாமல் வாசலில் நின்றது அதுதான்.

செப்டம்பர் 24

அம்மா கேட்டார்: "அந்தக் கல்லுக்கிட்ட அவ்வளவு நேரம் என்ன பண்ணுன?" பதில் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் சிலை வழிபாட்டுக்காரங்க" என்று முடித்துவிட்டார்.

அக்டோபர் 1

சரி, எரிந்த ஊர்களுக்கு வருகிறேன். நோர்பா.

லெபீனி மலையின் விளிம்பில், சமவெளியைக் குனிந்து பார்க்கும் ஊர். சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்திய பலகோணப் பாறைகளால் ஆன மதில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இன்னும் நிற்கிறது. ரோமின் உள்நாட்டுப் போரில் மரியுஸ் கட்சியோடு நின்றதால் எதிரணித் தலைவர் சுல்லாவின் ஆட்கள் முற்றுகையிட்டார்கள். கி.மு. 82-81 வாக்கில் யாரோ கதவைத் திறந்துவிட, இரவில் அமிலியுஸ் லெபிதுஸ் உள்ளே வந்தார். வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுவதைப் படித்தால் தூக்கம் வராது. சிலர் தங்களைக் குத்திக்கொண்டார்கள், சிலர் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள், சிலர் தூக்கில் தொங்கினார்கள், மற்றவர்கள் வீட்டைப் பூட்டித் தீ வைத்தார்கள். காற்று பலமாக வீசியதால் கொள்ளையடிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.

தீ வைத்தவர்கள் ஊர்க்காரர்களே. ரோமின் மேல் உள்ள குற்றச்சாட்டை இது குறைக்கவில்லை, கூட்டுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று பக்கத்து ஊரான நோர்மாவில் சாக்லேட் அருங்காட்சியகம் இருக்கிறது. மலை விளிம்பிலிருந்து பாராகிளைடரில் குதிக்கிறார்கள். கீழே நின்ஃபா என்ற இன்னொரு கைவிடப்பட்ட ஊர், அது இடைக்காலத்தது, போரும் மலேரியாவும் காலி செய்தது. இடிந்த தேவாலயங்கள் மேல் ரோஜா ஏறிக் கிடக்கும் தோட்டம். காதலர்கள் எல்லாம் நின்ஃபாவுக்குப் போகிறார்கள், நோர்பாவுக்கு என்னைப் போன்றவர்கள்.

அக்டோபர் 2

கேள்வி கேட்டவரின் கட்சிக்கு முழுசாகப் பொருந்துகிற ஊர் ஒன்று இருக்கிறது, நானே எடுத்துக்கொடுக்கிறேன்: ஃப்ரெகெல்லே. லிரிஸ் ஆற்றங்கரையில் கி.மு. 328இல் ரோமே நிறுவிய லத்தீன் குடியேற்றம், அதாவது லத்தீன்காரர்களுக்குரிய உரிமைகளோடு அமைத்த ஊர். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமை நோக்கிப் போனபோது ஆற்றுப் பாலத்தை உடைத்து அவரைத் தாமதப்படுத்தியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அதே போரில், கி.மு. 209இல், இப்படிப்பட்ட பன்னிரண்டு குடியேற்றங்கள் இனி ஆளும் பணமும் தர முடியாது என்று கைவிரித்தன. மற்ற பதினெட்டின் சார்பில் எழுந்து "நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்னவர் ஃப்ரெகெல்லேயின் மார்க்குஸ் செக்ஸ்திலியுஸ்.

கி.மு. 125இல், லத்தீன்காரர்களுக்கும் கூட்டாளிகளுக்கும் குடியுரிமை தரும் யோசனை ரோமில் அடிபட்டுப்போன ஆண்டிலேயே, இந்த ஊர் கிளர்ந்தது. உள்ளூர்க்காரர் ஒருவரே காட்டிக்கொடுக்க, லூசியுஸ் ஒபிமியுஸ் ஊரைப் பிடித்து இடித்தார். அடுத்த ஆண்டே பக்கத்தில் ஃபப்ரதேரியா நோவா என்ற புது ஊர் நிறுவப்பட்டது. அந்த ஒபிமியுஸ்தான் நாலு ஆண்டு கழித்து ரோமில் சீர்திருத்தக்காரர் கையுஸ் கிராக்குஸின் ஆட்களைக் கொன்று குவித்தவர். ஆளுக்கு அப்போதே கை பழகியிருந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு. புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ நூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதும்போது ஃப்ரெகெல்லே வெறும் கிராமம், ஆனாலும் சுற்றுவட்டார மக்கள் சந்தைக்கும் சில சடங்குகளுக்கும் அங்கேதான் கூடுகிறார்கள் என்கிறார். இடித்தவனால் சந்தை நாளை இடிக்க முடியவில்லை.

அக்டோபர் 2, சற்றுப் பின்

கோசாவைச் சொல்லாமல் விட முடியாது. ரோமுக்கு வடமேற்கே, எட்ருஸ்கர் என்ற மக்களின் கடற்கரையில் கி.மு. 273இல் அமைந்த லத்தீன் குடியேற்றம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கப்பலில் போன கவிஞர் ருத்திலியுஸ், இந்த ஊர்க்காரர்கள் எலித் தொல்லை தாங்காமல் ஓடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நம்பாமலே எழுதிவைக்கிறார். ரோமின் படைக்கு அடங்காதவன் எலிக்கு அடங்கினான் என்று யாராவது ஆய்வேடு எழுதுங்கள்.

அக்டோபர் 15

இரண்டு வாரமாக மனதை அரிக்கிற ஒன்று. ஊர் "தேய்ந்தது" என்று நான் சுலபமாக எழுதிக்கொண்டே போகிறேன். தேய்ந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இன்டெராம்னா லிரேனாஸ் என்று ஓர் ஊர், ஃப்ரெகெல்லே இருந்த அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில், கி.மு. 312இல் அமைந்தது. இன்று உழுத வயல். மேலே பளபளப்பான இறக்குமதிப் பாத்திரங்களின் ஓடு அதிகம் கிடைக்காததால், சீக்கிரமே வாடிய ஊர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கேம்பிரிட்ஜ் குழு சாதாரண சமையல் பாத்திர ஓடுகளை எண்ணியது, நிலத்துக்குள் ரேடார் விட்டுப் பார்த்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஊர் நன்றாகவே இருந்திருக்கிறது. சுமார் 1,500 பேர் அமரும் கூரை போட்ட அரங்கம், சந்தைக் கட்டடங்கள், ஆற்றோரக் கிடங்கு. 2017இல் அந்த அரங்கத்தருகே முகம் குப்புற ஒரு சூரியக் கடிகாரம் கிடைத்தது. மார்க்குஸ் நோவியுஸ் துபுலா என்பவர், ரோமில் மக்கள் தீர்ப்பாயராக (பொதுமக்கள் சார்பிலான அதிகாரியாக) இருந்தவர், சொந்தச் செலவில் வைத்தது.

இந்தத் துபுலாதான் என் வாதத்துக்குச் சிக்கல். ரோம் ஆளை இழுத்துக்கொண்டது உண்மை. இழுக்கப்பட்ட ஆள் பணமும் பெயருமாக ஊருக்குத் திருப்பி அனுப்பவும் செய்திருக்கிறான். அருகாமை தின்றது என்று நான் சொன்னது கபீ, ஃபிடேனே போன்ற பக்கத்து ஊர்களுக்குத்தான் நிற்கும். 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தவனுக்கு அதே ரோம் வாழ்வும் கொடுத்திருக்கிறது.

அக்டோபர் 19

"சுவடில்லாமல்" என்று பிளினி சொன்ன ஊர்களில் க்ருஸ்துமேரியமும் ஒன்று. ரோமுக்கு வடக்கே, திபெர் கரை மேட்டில். 1970களில் வயல் வயலாக நடந்து ஓடு பொறுக்கித்தான் இடத்தைப் பிடித்தார்கள். கி.மு. 500 வாக்கில் காலியான ஊர். சுற்றிலும் கல்லறைகள், அதில் பலவற்றைத் திருடர்கள் முன்பே காலி செய்துவிட்டார்கள்.

ஊர் போய் ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அதன் பெயரில் ஒரு வாக்காளர் பிரிவு ரோமில் இருந்தது. பேரிக்காயும் இருந்தது. எல்லாப் பேரிக்காயிலும் க்ருஸ்துமியப் பேரிக்காய்தான் அருமை என்று எழுதியவர், அதே பிளினி. காலையில் தின்றதன் ஊர் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

அக்டோபர் 21

ரோமுக்கு வருகிறேன், ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: கார் இருந்தால் நோர்பா, கேள்வியே இல்லை. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், மதில் ஓரத்தில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். கார் இல்லையென்றால் ரோமிலேயே வில்லா ஜூலியா அருங்காட்சியகம். சாட்ரிகம் கோயிலின் சுடுமண் உருவங்கள் அங்கேதான் இருக்கின்றன, திங்களன்று மூடியிருக்கும். கபீக்கு என்னோடு வருவதென்றால் எழுதுங்கள், அந்த லாரிச் சாலையில் தனியாக நடக்க வேண்டாம்.